பரண் ஏறிய விமானி

விமானம் இல்லாமல் விமானக் கம்பெனி நடத்த முடியுமா என்று என்னிடம் யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஏன் முடியாது? நாங்கள் நடத்தினோம் ஐயா! சேலத்தில் ஒரு மாடி, மாடியில் ஒரு பலகை, பலகையில் ‘தென்திசை ஆகாய மார்க்கக் கம்பெனி லிமிடெட்’ என்று தங்க எழுத்து, உள்ளே நாலு மேஜை, மூலை மேஜையில் நான். பெயர் அர்த்தனாரி, உத்தியோகம் குமாஸ்தா. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. கையில் நாலு காசு இருந்தவனெல்லாம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து சாக்கடையில் கால் விட்ட காலம். எங்கள் மானேஜிங் டைரக்டர் ராவ்சாகிப் தாண்டவராயர், மில் வைக்கலாமா சினிமாக் கொட்டகை வைக்கலாமா என்று வெகுநாள் யோசித்தார். இரண்டுக்கும் கட்டடம் வேண்டும், ஆகாயத்துக்குக் கட்டடம் வேண்டாம் என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. உடனே ஆகாயத்தைப் பிடித்துக்கொண்டார்.

கம்பெனியில் மற்றதெல்லாம் இருந்தது. பங்குதாரர்கள் இருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் இருந்தார். காப்டன் ஞானமுத்து என்று பெயர். யுத்தத்தின்போது விமானப் படையில் சேவை செய்தவர், கம்பளி விநியோகப் பிரிவில். விமானம் மட்டும் கராச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே வந்துகொண்டிருந்தது.

விமானிகளை எங்கே பிடிப்பது என்று பேச ஒரு கூட்டம் போட்டார்கள். ராவ்சாகிப் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். நான் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டேன். அவர் அங்கவஸ்திரத்தைத் தொட்டால் பிரசங்கம் நிச்சயம்.

“கனவான்களே! விமானம் எட்டாயிரம் அடி உயரத்தில் பறக்கும். சேலத்தில் பிறந்தவனை விமானியாக எடுத்தால் அந்த எட்டாயிரம் அடியும் நம் செலவில் ஏற்ற வேண்டும். கொல்லிமலையில் பிறந்தவனோ பிறக்கும்போதே நாலாயிரம் அடியில் பிறக்கிறான். பாதித் தூரத்தை அவனைப் பெற்றவளே தன் சொந்தச் செலவில் ஏற்றி வைத்துவிட்டாள். பாக்கிப் பாதிதான் நம் பொறுப்பு!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இப்படி ஒரு சிக்கனம் இதுவரை எந்த தேசத்து விமானக் கம்பெனிக்கும் தோன்றவில்லை என்று காப்டன் கண் கலங்கினார்.

ஆக, மலை ஏறினோம். காரவள்ளி வரை மோட்டார் போகும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். ராவ்சாகிப்புக்கு ஒரு டோலி, காப்டனுக்கு ஒரு டோலி. தேசத்தை ஆகாயத்தில் தூக்கிச் செல்லப்போகிற கம்பெனியை எட்டு ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மலை ஏறினார்கள். நான் பேனாவையும் மைக்கூட்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ராவ்சாகிப் டோலியின் முன்கம்பைத் தூக்கி வந்தவன் பெயர் சென்றாயன். பெரக்கரை நாட்டுக்காரன். நாடு என்றால் அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். கொஞ்சம் சாமைக் காடு, நாலு மிளகுக் கொடி, யாராவது மேலே வந்தால் டோலி, இதுதான் பிழைப்பு. சும்மா இருப்பவனல்ல, ஆனால் மாமன் மகள் பொன்னாயியைக் கட்ட அது போதவில்லை. அவளுடைய அப்பன் அப்பாசாமி அந்த நாட்டுக்கு ஊர்க்கவுண்டர். “மானம் பேஞ்சாத்தான் சோறுங்கறவனுக்கு எம் புள்ளயக் குடுக்க மாட்டேன். மாசம் பொறந்தாச் சம்பளம் வாங்கறவனா வா, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டார். அதனால் டோலியை இறக்கி வைத்த கையோடு, இங்கே வேலை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றான்.

காப்டன் கேள்வித்தாளை விரித்தார்.

“பறந்த அனுபவம் உண்டா?”

“இல்லீங்க.”

“அனுபவம் இல்லாதவனை விமானியாக எடுப்பதற்கு விதி இடம் தரவில்லை.”

“அப்ப அனுபவம் எங்கீங்க கெடைக்கும்?”

“விமானியாக ஆனால் கிடைக்கும்.”

சென்றாயன் என் முகத்தைப் பார்த்தான். நான் மைக்கூட்டைப் பார்த்தேன். காப்டனுக்கே மனசு கேட்கவில்லை.

“சரி, தரையில் கால் படாமல் எப்போதாவது இருந்திருக்கிறாயா?”

“தேன் எடுக்கறப்ப இருப்பனுங்க. பாறையில கொடியக் கட்டித் தொங்குவனுங்க. கீழ பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க, மஞ்சு மூடிக் கெடக்கும்.”

“எவ்வளவு நேரம் தொங்குவாய்?”

“அது தேனீ உடறதப் பொறுத்ததுங்க. ஆனா ஒண்ணுங்க, எல்லாம் சாமி உச்சிக்குக் கீழதான். பெரியசாமி தலைக்கு மேல நாங்க யாரும் ஏற மாட்டோமுங்க. அது நாட்டுக் கட்டுப்பாடு.”

அந்தக் கடைசி வாக்கியத்தைக் காப்டன் கவனிக்கவில்லை. “எழுது அர்த்தனாரி” என்றார். “மேக மண்டலத்தில், கருவிகளின் உதவியின்றி, எதிரிகளின் தாக்குதலுக்கிடையே, தரையில் கால் படாமல் இருந்த அனுபவம் ஏராளம். தரையில் கால் படாதிருப்பதே பறத்தல் என்பது கம்பெனியின் கொள்கை.”

கண் பரிசோதனையும் அங்கேயே நடந்தது. எதிர்மலையில் என்ன தெரிகிறது என்று காப்டன் கேட்டார். “காட்டுக்கோழி ரெண்டுங்க. ஒண்ணு பொட்டை” என்றான் சென்றாயன். காப்டன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, எதிர்மலை எது என்று என்னிடம் கேட்டார்.

அன்று சாயங்காலமே கோயில் பாறையடியில் நியமன விழா. ஊர் முழுக்கக் கூடிவிட்டது. ராவ்சாகிப் அங்கவஸ்திரத்தைத் தொட்டார்.

“சென்றாயா! இந்த நிமிஷம் முதல் நீ சென்றாயன் அல்ல. உன் கை கம்பெனியின் கை. உன் கால் கம்பெனியின் கால். நீ பறந்தால் கம்பெனி பறந்தது என்று அர்த்தம். நீ உயர்ந்தால் அந்தப் புகழ் முழுவதும் என்னைச் சேரும். அதில் உனக்கு எந்தத் தொந்தரவும் வைக்க மாட்டோம்!”

“ஏனுங்க, மேல போறப்ப ஏதாச்சும் தப்புத்தண்டா ஆயிப்போச்சுன்னா?” என்று சென்றாயன் தயங்கினான்.

“தப்பும் கம்பெனியின் தப்பு. பொறுப்பும் கம்பெனியின் பொறுப்பு. பிரிட்டிஷ் சட்டமே அப்படித்தான்!”

கூட்டத்தில் மிளகுக் கூடையோடு நின்றிருந்த பொன்னாயி வாயைத் திறந்தாள். “அப்ப அவரு கால்ல முள்ளு குத்துனா ஒங்களுக்குத்தான் வலிக்குமுங்களா?”

“சட்டப்படி வலிக்கும்” என்றார் ராவ்சாகிப், நெஞ்சில் கை வைத்து. ஊர் கை தட்டியது. பொன்னாயியும் தட்டினாள்.

பயிற்சி ஆரம்பமாயிற்று. கராச்சியிலிருந்து விமானத்தின் முதல் பாகம் வந்து சேர்ந்தது. அது ஓர் ஆசனம். தோல் மெத்தை வைத்து, இடுப்புக்குப் பட்டை வைத்து, பார்க்க ஜோராக இருந்தது. மற்ற பாகங்கள் பின்னால் வருகின்றன என்று கடிதம். ஆசனத்தை எங்கே வைப்பது? உயரமான இடமாகவும் இருக்க வேண்டும், நாலு பக்கமும் காற்று வரவும் வேண்டும். காப்டன் மலையெல்லாம் அலைந்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். சென்றாயனின் சாமைக் காட்டில் குருவி ஓட்டுவதற்காக நாலு கம்பு நட்டுக் கட்டியிருந்த பரண்தான் அது.

சென்றாயன் மேலே ஏறி ஆசனத்தில் உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான்.

“ஏனுங்க காப்டனய்யா, இது எம்பட பரணு தானுங்களே?”

“பரண் இல்லை. காக்பிட்.”

“போன வருசம் இதுல உக்காந்துதானுங்க கிளி ஓட்டுனேன்.”

“அப்போது நீ விமானி அல்ல” என்றார் காப்டன். சென்றாயன் பட்டையை இடுப்பில் மாட்டிக்கொண்டான்.

மேகம் இல்லாமல் விமானப் பயிற்சியா என்று காப்டன் ஒரு நியதி வைத்திருந்தார். காலையிலிருந்து காத்திருப்போம். மலை உச்சியிலிருந்து மஞ்சு இறங்கி, காட்டை மூடி, பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாமல் போனதும் “புறப்பாடு!” என்று காப்டன் கத்துவார். பரணுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு மண்ணெண்ணெய் டின்னை இரண்டு குச்சிகளால் தடதடவென்று அடிப்பார். அது இன்ஜின். பரண் காலைப் பிடித்து ஆட்டும் பொறுப்பு என்னுடையது. லேசான காற்றுக்கு ஒரு மாதிரி ஆட்ட வேண்டும், புயலுக்கு ஒரு மாதிரி, பங்குதாரர்கள் பார்வையிட வந்தால் இன்னொரு மாதிரி. இருபது வருஷப் படிப்பும் ஷார்ட்ஹாண்டும் இதற்குத்தான் பயன்பட்டது. நாங்கள் செய்வது கம்பெனி ரகசியம் என்பதால் ஊரார் யாரும் அந்தக் காட்டுப் பக்கம் வரக்கூடாது என்று தடையும் போட்டோம். மஞ்சுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சாமை கதிர் முற்றிக்கொண்டிருந்த சமயம். மஞ்சு கொஞ்சம் விலகினால் போதும், கிளிக் கூட்டம் வந்து இறங்கிவிடும். சென்றாயன் மேலே தவிப்பான்.

“ஏனுங்க, கிளி பூராத்தையும் தின்னுபோடுதுங்க. செத்த எறங்கி ஓட்டிப்போட்டு வரட்டுங்களா?”

“பறந்துகொண்டிருக்கும்போது விமானி வெளியே இறங்கக்கூடாது. அது முதல் விதி!”

“அப்ப இங்கிருந்தே ஒரு சத்தம் போடறனுங்க.”

“ஆகாயத்தில் பறவைகளுக்கும் உரிமை உண்டு. விமானி அவற்றோடு சச்சரவு செய்யலாகாது. அது இரண்டாம் விதி!”

தன் காட்டில், தன் பரணில், இடுப்பில் பட்டை கட்டி உட்கார்ந்துகொண்டு, தன் சாமையைக் கிளி தின்பதைப் பார்த்துக்கொண்டே சென்றாயன் பறந்தான். பாவம், அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதிவேகத்தில் காற்று அடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று காப்டன் என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பறப்பதைவிடப் பெரிய பாடம் மன்னிப்புக் கேட்பது. தாமதத்துக்கு ஒரு மன்னிப்பு, புறப்படாமலே போனதற்கு ஒரு மன்னிப்பு, வேறு ஊரில் இறக்கியதற்கு ஒரு மன்னிப்பு என்று தனித்தனியாகக் குரல் உண்டு. சென்றாயன் தினமும் மிளகுக் கொடிகளுக்கு முன்னால் நின்று “மதிப்புக்குரிய பிரயாணிகளே, எதிர்பாராத மஞ்சு காரணமாக” என்று சொல்லிப் பழகினான். பிறகு விபத்து அறிக்கைப் பாடம். விமானம் விழுந்து நொறுங்கினால், விமானி மூன்று பிரதிகள் எழுதி நேரில் வந்து சமர்ப்பிக்க வேண்டும்.

“உசுரு போயிருந்தா எப்புடீங்க வர்றது?”

“வர இயலாமைக்கான காரணத்தைத் தனித்தாளில் எழுதி இணைக்க வேண்டும்” என்றார் காப்டன்.

கடைசியில் பட்டமளிப்பும் நடந்தது. காப்டனின் பழைய கம்பளி இருப்பிலிருந்து தைத்த நீலக் கோட்டு, அதன் மார்பில் பித்தளையில் இரண்டு சிறகு. இருநூறு மணி நேரம் பறந்ததாகப் பத்திரமும் கொடுத்தோம். சென்றாயன் அன்றைக்கே கோட்டைப் போட்டுக்கொண்டு பொன்னாயியைப் பார்க்க ஓடினான். நிஜத்தை அவளிடம் மட்டும் சொல்லிவிட்டான். “பரண்லதான் உக்காந்திருந்தேன் புள்ள. அதுக்குத்தான் சம்பளமாம்.” அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாளாம். மாதச் சம்பளக்காரன் ஆகிவிட்டான், அப்பன் இனி மறுக்க முடியாது என்று இரண்டு பேரும் நாள்கூடப் பார்த்துவிட்டார்கள்.

வினை நோட்டீஸ் ரூபத்தில் வந்தது. பங்கு விற்க வேண்டுமே என்று ராவ்சாகிப் ஆயிரம் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராக அனுப்பினார். ‘கொல்லிமலையின் சகல சிகரங்களுக்கும் மேலே இருநூறு மணி நேரம் பறந்து, ஆகாயத்தைக் காலின் கீழ் கொண்டுவந்த மாவீரன்!’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே கோட்டோடு சென்றாயன் படம். காரவள்ளியில் யாரோ அதை உரக்கப் படிக்க, மிளகு விற்க இறங்கியிருந்தவர்கள் கேட்டு, மேலே வந்து அப்பாசாமியிடம் சொல்லிவிட்டார்கள்.

சகல சிகரங்களுக்கும் மேலே என்றால் பெரியசாமி இருக்கும் உச்சிக்கும் மேலேதானே? அந்த நாட்டில் சாமி உச்சியைவிட உயரத்தில் ஒரு குடிசைகூடக் கட்ட மாட்டார்கள். சாமி தலைக்கு மேல் ஏறியவனுக்கு ஊர் விலக்கு. ஒருவரும் அவனுக்கு நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். பெண் கொடுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. சென்றாயன் ஓடிப்போய் மாமன் காலில் விழுந்தான்.

“மாமா, சத்தியமா நான் பறக்கவே இல்லீங்க. பரண உட்டு அசையல.”

“மஞ்சு மூடிக் கெடந்துச்சு. உள்ளார நீ பரண்ல இருந்தயோ மானத்துல இருந்தயோ, கண்டது யாரு? தடதடன்னு சத்தத்த ஊரே கேட்டுதல்லோ? அச்சடிச்ச காயிதம் வேற சொல்லுது” என்றார் அப்பாசாமி. “நாட்டுக் கூட்டம் போடறேன். உன்னிய ஏத்தியுட்ட மொதலாளி வந்து ‘இவன் பறக்கல’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்பறம் உனக்கும் பொன்னாயிக்கும் நாளக் குறிக்கலாம். சொல்லலீன்னா இந்தப் பக்கம் வராத சாமி.”

கூட்டத்தன்றுதான் ராவ்சாகிப்பும் பங்குதாரர்களைக் கூட்டிக்கொண்டு பயிற்சிப் பள்ளியைக் காட்ட வந்து சேர்ந்தார். வரிசையாக டோலிகள் வந்து இறங்கின. சென்றாயன் முதல் டோலிக்கு ஓடினான்.

“சாமி, ஒரே ஒரு வார்த்தைங்க. நான் பறக்கவே இல்லீன்னு எங்க நாட்டுக்காரங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. எம் பொழப்பே அதுலதானுங்க இருக்குது!”

ராவ்சாகிப்புக்கு வியர்த்துவிட்டது. “அடே, மெதுவாகப் பேசு! பின்னால் பங்குதாரர்கள் இருக்கிறார்கள். பறக்கவில்லை என்பது ஒரு விமானி பேசுகிற பேச்சா?”

கோயில் பாறையடியில் பெரக்கரையும் பக்கத்து இரண்டும் ஆக மூன்று நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் ஊர். இன்னொரு பக்கம் ஜரிகைத் தலைப்பாகைகளும் குடைகளுமாகப் பங்குதாரர்கள். நடுவில் சென்றாயன் கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அப்பாசாமி எழுந்து ராவ்சாகிப்பைக் கும்பிட்டார்.

“பெரியவங்களே, ஒண்ணே ஒண்ணு கேக்கறோமுங்க. இந்தப் பையன் பறந்தானா, பறக்கலீங்களா?”

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பரண் காலை ஆட்டியவன் நானல்லவா! வாயைத் திறந்தேன். “அர்த்தனாரி, மினிட்ஸ் எழுது” என்றார் ராவ்சாகிப். திறந்த வாயை மூடிக்கொண்டு எழுதினேன். காப்டன் ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தார். ராவ்சாகிப் சென்றாயனை ஒரு தரம் பார்த்தார், பங்குதாரர்களை இரண்டு தரம் பார்த்தார், அங்கவஸ்திரத்தைத் தொட்டார்.

“பறந்தானாவா? இருநூறு மணி நேரம் பறந்தான்! கிழக்கே பறந்தான், மேற்கே பறந்தான்!”

“சாமி உச்சிக்குக் கீழதானுங்களே?” என்று அப்பாசாமி இடம் கொடுத்துப் பார்த்தார்.

“கீழேயா! தென்திசைக் கம்பெனி எதற்கும் கீழே பறப்பதில்லை. உச்சிக்கு மேலே, அதற்கும் மேலே! எங்களைத் தடுக்க எந்தச் சாமியாலும் ஆகாது!”

பங்குதாரர்கள் குடைகளைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஊர்ப்பக்கம் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சென்றாயன் அப்படியே குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனா முள் வளைந்துவிட்டது. ஒரு மனுஷன் வாழ்வு போகிறது, இந்த மகானுபாவருக்குக் கைதட்டல் கேட்கிறது!

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னாயி முன்னால் வந்தாள்.

“அப்பா, ஒரு நாயங் கேக்கறேன். ஆடு மேய்க்கற கூலிக்காரன் அடுத்தவங்க காட்டுல ஆட்ட உட்டுப்போட்டா, நம்ம கட்டுப்பாட்டுல யாரு வந்து கூட்டத்துல கையக் கட்டி நிக்கறது? கூலிக்காரனா, ஆட்டுக்காரனா?”

“ஆட்டுக்காரந்தான் கண்ணு.”

“அன்னிக்கு இதே எடத்துல இந்தப் பெரியவரு என்னங்க சொன்னாரு? இவரு கை கம்பெனி கையின்னாரு. கால் கம்பெனி காலுன்னாரு. இவரு பறந்தா கம்பெனி பறந்ததுன்னாரு. முள்ளு குத்துனாத் தனக்குத்தான் வலிக்கும்னு நெஞ்சத் தொட்டுச் சொன்னாரே, நீங்கல்லாம் கேட்டீங்கல்லோ? அப்ப சாமி தலைக்கு மேல போன காலு யாரு காலுங்க?”

ஊரே திரும்பி ராவ்சாகிப்பின் காலைப் பார்த்தது. அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார். மூன்று நாட்டுப் பெரியவர்களும் தலையைச் சேர்த்து வைத்துக் கொஞ்சம் பேசினார்கள். அப்பாசாமி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

“பையன் மேல குத்தமில்லீங்க. ஏத்தியுட்ட கம்பெனிதான் குத்தக்காரன். அதனால மொதலாளி பெரியசாமிக்குக் கெடா வெட்டிப் பொங்க வெச்சு, மூணு நாட்டுச் சனத்துக்கும் வயிறாரச் சோறு போடோணும். போட்டு முடிச்சுச் சாமி உத்தரவு குடுக்கற வரைக்கும் எங்காளுங்க யாரும் டோலியத் தொட மாட்டாங்க.”

ராவ்சாகிப் மலைச்சரிவை எட்டிப் பார்த்தார். காரவள்ளி எங்கோ அடியில் கிடந்தது. அவருடைய உடம்புக்கு அந்தப் பாதையில் நடந்து இறங்குவது நடக்கிற காரியமல்ல. தப்பிக்க ஒரே வழிதான் உண்டு. ‘விமானமே இல்லை ஐயா, பையன் பரணில் உட்கார்ந்திருந்தான்’ என்று ஒரு வார்த்தை. அவர் வாய் இரண்டு தரம் அசைந்ததை நான் பார்த்தேன். அதற்குள் பின்னாலிருந்து ராசிபுரத்து நெய் மண்டிக்காரர், பெரும் பங்குதாரர், பக்கத்துக்காரரிடம் சொல்வது கேட்டது.

“பாத்தீங்களா? நான்கூடக் கொஞ்சம் சந்தேகப்பட்டனுங்க. பறக்காமயா இத்தன பெரிய தண்டனை போடுவாங்க? விமானம் இருக்குதுங்க! இன்னும் நூறு பங்கு எழுதிக்கச் சொல்லலாம்!”

ராவ்சாகிப்பின் முகம் மலர்ந்துவிட்டது. “கம்பெனி தண்டனையைப் பெருமையோடு ஏற்கிறது!” என்று முழங்கினார்.

அடடா, அந்த விருந்தை என்னவென்று சொல்வது! காரவள்ளியிலிருந்து அரிசி மூட்டைகள் ஏறின. கிடாய்கள் தாமே நடந்து ஏறின. பைல் நாட்டிலிருந்து பறையும் குழலுமாக ஒரு கூட்டம் வந்துவிட்டது. மூன்று நாட்டு ஜனமும் இருந்து தின்றது. சாமி தலையில் பூ வைத்து உத்தரவு கேட்டார்கள். சில சமயம் நாள் முழுக்கக் காத்தாலும் பூ விழாதாம். அன்றைக்குக் கையை எடுக்கும் முன்னே வலப்பக்கம் விழுந்தது. சோறு ஏற்கெனவே வெந்திருக்கிறது, ஜனமும் கூடியிருக்கிறது, சாமியும் சரி என்று சொல்லிவிட்டது, பிறகென்ன என்று அப்பாசாமி அதே பந்தலில் பொன்னாயியைச் சென்றாயனுக்குக் கட்டி வைத்தார். பங்குதாரர்கள் அட்சதை போட்டார்கள். கம்பெனியின் ஆண்டு விழா என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

பந்தியில் அப்பாசாமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டேன். “கவுண்டரே, நிஜமாகவே பறந்தான் என்று நம்பினீர்களா?”

எலும்பைக் கடித்துக்கொண்டே அவர் சொன்னார். “பரணுக்கடியில ஒடுங்கிப்போன தகர டின்னக் கூட்டத்துக்கு முந்தியே பாத்துப்போட்டனுங்க. ஆனா அத்தன பெரிய மனுசரு பறந்தான்னு சொல்றப்ப, இல்லீன்னு நாம சொன்னா மருவாதியா இருக்குமுங்களா?” பிறகு மருமகனைக் கூப்பிட்டார். “கண்ணு, உத்தியோகம் போதும். சம்பளக்காரன் பொழப்பப் பாத்துட்டேன். நெசத்தச் சொல்றதுக்கே மொதலாளி மொகத்தப் பாக்கோணும். மானத்து மழைய நம்புனவன் எவ்வளவோ தேவலாம். நாளையிலிருந்து கிளி ஓட்டு.”

மறுநாள் காலை இறக்கம். விருந்துக்குப் பிறகு ராவ்சாகிப் டோலியில் கொள்ளவில்லை. சென்றாயன் ஒரு யோசனை சொன்னான். பரணிலிருந்து விமான ஆசனத்தை இறக்கி, இரண்டு கம்புகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, ராவ்சாகிப்பை உட்கார வைத்து, இடுப்புப் பட்டையை மாட்டினார்கள். புதுமாப்பிள்ளை நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தானே முன்கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

“கடைசியா ஒருக்கா நானே கொண்டுபோய் உட்டுப்போட்டு வாரேன் புள்ள” என்றான் பொன்னாயியிடம்.

“பிரயாணியப் பத்தரமா எறக்குங்க” என்றாள் அவள்.

பாதி வழியில் மஞ்சு மூடிக்கொண்டது. மலைக்காரர்கள் மஞ்சில் நடக்க மாட்டார்கள். கம்பைத் தோளிலிருந்து இறக்காமல், பாறையில் சாய்ந்து நின்றுவிட்டார்கள். ஆசனம் பள்ளத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. ராவ்சாகிப் கண்ணை இறுக மூடிக்கொண்டு “என்னடா ஆச்சு? எங்கேயடா இருக்கிறோம்?” என்று அலறினார்.

சென்றாயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “மதிப்புக்குரிய பிரயாணிகளே! எதிர்பாராத மஞ்சு காரணமாகச் செத்த நேரம் தாமதமாகும். கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்குதுங்க” என்றான். அத்தனை மாதப் பயிற்சியில் அவன் குரல் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

காரவள்ளியில் ஆசனம் தரையைத் தொட்டது. பங்குதாரர்கள் சுற்றி நின்றார்கள். சென்றாயன் பட்டையை அவிழ்த்துவிட்டு, சலாம் வைத்து, தன் கோட்டிலிருந்த பித்தளைச் சிறகைக் கழற்றினான்.

“கம்பெனி கொள்கைப்படி தரையில கால் படாம வந்தது நீங்கதானுங்க. இது ஒங்களுக்குத்தான் சேரோணும்.”

ராவ்சாகிப்பின் அங்கவஸ்திரத்தில் அதைக் குத்திவிட்டான். ராவ்சாகிப் சிறகைப் பார்த்தார், பங்குதாரர்களைப் பார்த்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“அர்த்தனாரி, எழுதிக்கொள்” என்றார். “மானேஜிங் டைரக்டர் கொல்லிமலையிலிருந்து பறந்து வந்தார்.”

எழுதினேன். சென்றாயன் அதற்குள் பாதி மலை ஏறிவிட்டான். சாமைக் காட்டில் கிளி இறங்கும் நேரம் அது.